அரசியல் உணர்வுள்ள ஊர்க் கணினி மன்றத்துக்கு விதிகளை எப்படி எழுதுவது?

கேள்வியை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். காரைக்குடிக்கும் புதுவயலுக்கும் இடையில் ஒரு ஊர். நண்பர்கள் ஒன்பது பேர் சேர்ந்து கணினி மன்றம் தொடங்கப் போகிறீர்கள். அது டியூஷன் சென்டராகிவிடக் கூடாது, கட்சி அலுவலகமாகவும் ஆகிவிடக் கூடாது, ஆனால் அரசியல் உணர்வு இருக்க வேண்டும். அதற்கு வழிகாட்டும் கொள்கைகள் என்று ஒரு பக்கம் எழுதி வைக்க வேண்டும், என்ன எழுதலாம் என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில், இன்னொன்றும் சொல்லியிருக்கிறீர்கள்: ஊர்ப் பெரியவர் ஒருவர் ஐந்து கணினிகள் தருவதாகச் சொல்கிறார், தேர்தல் வந்தால் சின்னச் சின்ன உதவி கேட்பார் போலிருக்கிறது. உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது. கொள்கை எழுதுவது ஒரு சாயங்கால வேலை. எழுதியதை யார் முகத்துக்கு முன்னால் காப்பாற்றப் போகிறீர்கள் என்பதுதான் விஷயம்.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் 19 ஆண்டுகள் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டவள். இந்த வட்டாரத்திலேயே இரண்டு மன்றங்களைத் தொடங்கியவர்களில் ஒருத்தி. முதல் மன்றம் மூன்றாம் ஆண்டில் செத்துப்போனது. இரண்டாவது எட்டாம் ஆண்டாக நடக்கிறது, சனிக்கிழமை மாலை பன்னிரண்டு பேர் வந்தால் அன்றைக்குக் கூட்டம் அதிகம் என்று பொருள். ஆகவே நான் சொல்வதெல்லாம் சிறிய மன்றத்துக்குத்தான் பொருந்தும், நூறு பேர் கொண்ட அமைப்பை நடத்திய அனுபவம் எனக்கு இல்லை. சட்டம் பற்றிச் சொல்பவை பொறுப்பில் இருந்ததால் படித்துத் தெரிந்துகொண்டவை. சிக்கல் என்று வந்தால் வழக்கறிஞரிடம் போங்கள்.

கணினி சொல்லிக்கொடுக்கிற இடத்தில் அரசியல் எதற்கு என்று உங்கள் ஊரிலேயே நாலு பேர் கேட்பார்கள். அவர்களைச் சிராவயலுக்கு அழைத்துக்கொண்டு போங்கள். மஞ்சுவிரட்டுக்குப் பேர்போன அந்த ஊரில் 1920களில் ஜீவானந்தம், இருபது வயது இளைஞராக, காந்தி வழியில் ஓர் ஆசிரமம் நடத்தினார். 1927இல் செட்டிநாட்டுக்கு வந்த காந்தி அங்கே போய் அவரைச் சந்தித்தார். அப்படிப்பட்ட ஆசிரமங்களில் ராட்டை சுற்றக் கற்றுக்கொடுத்தது தொழிற்பயிற்சியா, அரசியலா? யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நூல் யார் நூற்பது, துணி எங்கிருந்து வருகிறது, காசு யாருக்குப் போகிறது என்று கேட்டபடியே கை வேலை செய்துகொண்டிருந்தது. காரைக்குடியில் 1917இல் தொடங்கிய இந்து மதாபிமான சங்கத்தின் பெயரைக் கேட்டால் பஜனை மடம் என்று தோன்றும். ஆனால் படிப்பும் சீர்திருத்தமும் பேசிய இளைஞர்கள் கூடிய இடம் அது. 1919இல் பாரதி வந்து அந்தச் சங்கத்தை வாழ்த்திப் பாடிவிட்டுப் போனார். ஆகவே நீங்கள் புதிதாக எதையும் இறக்குமதி செய்யவில்லை. ராட்டை இருந்த இடத்தில் விசைப்பலகை இருக்கிறது, அவ்வளவுதான்.

இறக்குமதி செய்யத் தகுந்த ஒன்றும் இருக்கிறது. 1981 செப்டம்பரில் மேற்கு பெர்லினில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் சிலர் கூடிக் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற மன்றத்தைத் தொடங்கினார்கள். இன்று ஐரோப்பாவிலேயே பெரிய கணினி மன்றம் அதுதான். 1984இல் ஜெர்மன் அஞ்சல் துறை தன் பிடிஎக்ஸ் என்ற தொலைத்தகவல் சேவை மிகவும் பாதுகாப்பானது என்று சொல்லிக்கொண்டிருந்தது. மன்றத்தார் ஹாம்பர்க் சேமிப்பு வங்கியின் கணக்கில் நுழைந்து, தாங்கள் வைத்திருந்த கட்டணப் பக்கத்தை இரவு முழுவதும் வங்கியின் செலவில் திரும்பத் திரும்ப அழைக்க வைத்தார்கள். விடிவதற்குள் ஏறத்தாழ 1,35,000 மார்க் சேர்ந்துவிட்டது. அதைப் பத்திரிகைகளுக்கு அறிவித்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் பின்பற்றும் நெறிகளில் ஆறு, அதே 1984இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் தொகுத்தவை: கணினி எல்லோருக்கும் எட்ட வேண்டும், தகவல் சுதந்திரமாக இருக்க வேண்டும், அதிகாரத்தை நம்பாமல் பரவலாக்க வேண்டும், ஆளைச் செயலால் அளக்க வேண்டும், கணினியில் அழகையும் படைக்கலாம், அது வாழ்க்கையை மேம்படுத்தும். பின்னால் இரண்டை அவர்களே சேர்த்தார்கள். பிறர் தரவில் குப்பை போடாதே என்பது ஒன்று. பொதுத் தகவலைப் பயன்படுத்து, தனியார் தகவலைக் காப்பாற்று என்பது மற்றொன்று. ஆனால் இந்தக் கதையை வீரக்கதையாக மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். அதே வட்டாரத்தில் பழகிய சில இளைஞர்கள் மேலைநாட்டுக் கணினிகளுக்குள் புகுந்து எடுத்ததைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றார்கள், 1989இல் அது வெளியே வந்தது, அவர்களில் ஒருவர் அந்த ஆண்டே காட்டில் எரிந்த பிணமாகக் கிடந்தார். சுவரில் நெறி எழுதியிருந்தால் மட்டும் போதாது.

அந்த எட்டையும் அப்படியே தமிழில் எழுதி மாட்டிவிடலாமா என்றால், வேண்டாம். எல்லாத் தகவலும் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பது பெர்லினில் புரட்சி. நம் ஊரில் எல்லாத் தகவலும் ஏற்கெனவே சுதந்திரமாகத்தான் திரிகிறது. யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள், யாருடைய நகை எந்த அடகுக் கடையில் இருக்கிறது என்பது சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவதற்கு முன்னால் டீக்கடைக்குத் தெரியும். திறக்காமல் கிடப்பது ஊராட்சிக் கணக்குதான். ஆகவே உங்கள் பக்கத்தில் முதல் வரியாக, பொதுத் தகவலைப் பயன்படுத்து, தனியார் தகவலைக் காப்பாற்று என்ற எட்டாவது நெறியை வையுங்கள். முதல் மன்றம் ஏன் செத்தது என்று சொன்னால் காரணம் புரியும்.

வருகைப் பதிவுக்காக எல்லோருடைய கைபேசி எண்ணையும் ஒரு விரிதாளில் வைத்திருந்தோம். பிள்ளைகளின் பெற்றோர், தட்டச்சு கற்க வந்த அம்மாக்கள், ஓய்வூதியச் சான்று போட வந்த பெரியவர்கள் என்று நானூற்றுச் சொச்சம் பேர். ஒரு தேர்தலுக்கு முன்பு அந்த எண்கள் அத்தனையும் ஒரு கட்சியின் வாட்ஸ்அப் குழுவில் ஏறியிருந்தன. கொடுத்தவர் எங்களில் ஒருவர், நல்ல பையன், "நல்லதுக்குத்தானே அக்கா செய்தேன்" என்றார். அடுத்த வாரம் இன்னொரு தரப்பிலிருந்து ஆள் வந்தது: எங்களுக்கும் கொடுங்கள், கூடவே வாக்காளர் பட்டியலைத் தெருவாரியாகத் தட்டச்சு செய்து, பக்கத்தில் ஒரு பத்தியில் சாதியையும் போட்டுக் கொடுங்கள். மறுத்தோம். மறுத்ததை யாரும் நம்பவில்லை. ஏற்கெனவே ஒருமுறை கொடுத்தவர்கள்தானே. இரண்டே மாதத்தில் அம்மாக்கள் வருவது நின்றது, பிறகு பிள்ளைகள்.

எனவே நான் உறுதியாகச் சொல்லக்கூடிய விதி இது: மன்றம் வாங்கும் தகவல் குறைவாக இருக்கட்டும். எண் எதற்கு என்று பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். வாங்கியதை எப்போது அழிப்பீர்கள் என்று வாங்கும்போதே சொல்லுங்கள். இப்போது நாங்கள் முதல் பெயரும் வருகிற நாளும் மட்டும் ஒரு நோட்டில் எழுதுகிறோம். சட்டமும் இந்தப் பக்கம்தான் நகர்கிறது. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் அந்த அம்மாக்களுக்காகச் செய்யுங்கள்.

பொதுத் தகவல் எது, தனியார் தகவல் எது என்பது எல்லா நேரமும் பளிச்சென்று தெரிந்துவிடாது. ஊராட்சியின் வரவு செலவு, சாலை ஒப்பந்தம், கண்மாய் தூர்வாரிய பில் ஆகியவை பொது. சந்தேகமே இல்லை. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். மன்றத்தில் வாரம் ஒரு மனு எழுதிப் பழகுவதைவிடச் சிறந்த அரசியல் பாடம் எனக்குத் தெரியாது. வந்த பதிலை விரிதாளில் ஏற்றிக் கூட்டிப் பார்த்தால் கணக்கும் கணினியும் சேர்ந்தே வந்துவிடும். ஆனால் நூறு நாள் வேலைத் திட்டத்தின் தளத்தில் வேலை அட்டை வாரியாகப் பெயர், நாள், கூலி எல்லாம் யாரும் பார்க்கும்படி போட்டார்களே, அது? அதை வைத்துச் செத்தவர் பெயரில் எடுத்த கூலியைப் பிடித்தவர்களும் உண்டு. அதையே வைத்து, இந்த வீட்டுக்கு இவ்வளவு கூலி வந்திருக்கிறது என்று வட்டிக்காரர் வாசலில் வந்து நின்றதும் உண்டு. எங்கள் மன்றத்தில் இதைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான்: இந்தத் தகவலை எடுப்பது அதிகாரத்தில் இருப்பவரைக் கணக்குக் கேட்கவா, அல்லது ஏழையைக் காட்டிக்கொடுக்கவா? இது எல்லா இடத்திலும் விடை தராது. நடுவே மாட்டிக்கொள்பவர் ஊராட்சிச் செயலர் போன்ற ஆள் என்றால் எனக்கே குழப்பம் வருகிறது.

அடுத்தது சாவி. பங்காளிகள் பலர் சேர்ந்து வைத்திருக்கும் பெரிய வீட்டைப் பூட்டிவிட்டு ஆளுக்கொரு ஊர் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாவி ஒருவரிடமே இருந்தால் கொஞ்ச நாளில் வீடும் அவருடையது போல ஆகிவிடுகிறது. மன்றத்தின் மின்னஞ்சல், யூடியூப் கணக்கு, வாட்ஸ்அப் குழு, வைஃபை என்று ஒவ்வொன்றுக்கும் கடவுச்சொல் உண்டு, அதை வைத்திருப்பவர்தான் உண்மையில் மன்றத் தலைவர், தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாராக இருந்தாலும். பழைய கோயில் பெட்டகத்துக்கு இரண்டு மூன்று பூட்டுப் போட்டுச் சாவியை ஆளுக்கொன்றாகக் கொடுப்பார்கள். அதையே செய்யுங்கள். எந்தக் கணக்கும் தனியாள் எண்ணில் இருக்கக் கூடாது, குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிய வேண்டும், பொறுப்பு மாறும் அன்று கடவுச்சொல்லும் மாற வேண்டும். வறட்டு நிர்வாக விஷயம் போலத் தெரியும். அதிகாரத்தைப் பரவலாக்கு என்ற பெரிய வாக்கியத்துக்கு நம் அளவில் இதுதான் அர்த்தம்.

இணையதளங்களில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிப்பது பற்றிக் கட்டாயம் ஒரு வரி எழுதுங்கள், ஏனென்றால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று வந்தால் முதல் ஆண்டிலேயே அது நடக்கும். எங்களிடம் பதினாறு வயதுப் பையன் ஒருவன், ஓர் அலுவலகத் தளத்தின் முகவரியில் கடைசி எண்ணை மாற்றினால் அடுத்தவருடைய விண்ணப்பம் ஆதார் நகலோடு திறக்கிறது என்று கண்டுபிடித்தான். படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பத் துடித்தான். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவு, உரியவர் அனுமதியின்றி ஒரு கணினிக்குள் நுழைவதையும் தரவை எடுப்பதையும் தவறு என்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல நோக்கம் என்பதை யார், எந்த இடத்தில், எத்தனை மாதம் கழித்து நம்புவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே எங்கள் விதி: கண்ணில் பட்டதோடு நிறுத்து, இரண்டாவது பதிவைத் திறக்காதே, எதையும் சேமிக்காதே, பெரியவர்கள் இருவரிடம் சொல். கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் என்ற மத்திய அமைப்பு இப்படிப்பட்ட குறைகளைப் பற்றிய தகவலைப் பெற்றுக்கொள்கிறது. அங்கே எழுதினோம். அந்தப் பையனுக்கு மூன்று வாரம் எங்கள் மேல் கோபம்.

இதோடு ஒட்டியே வாக்குப்பதிவு இயந்திரக் கேள்வி வரும். அரசியல் உணர்வுள்ள கணினி மன்றம் என்று பலகை மாட்டினால் அதைக் கேட்காமல் யாரும் டீ குடிக்க மாட்டார்கள். இங்கே தெரிந்ததையும் சந்தேகத்தையும் இரண்டு தட்டில் வைக்கப் பழகுங்கள். இயந்திரம் கையில் கிடைத்தால் அதை மாற்றியமைக்க முடியும் என்று 2010இல் ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். அவர்களில் ஹைதராபாத்காரர் ஒருவர், இயந்திரம் யாரிடமிருந்து கிடைத்தது என்று சொல்ல மறுத்துக் கைதானார். 2013இல் உச்ச நீதிமன்றம், போட்ட வாக்கை வாக்காளருக்குக் காட்டும் காகிதச் சீட்டு முறையைப் படிப்படியாகக் கொண்டுவரச் சொன்னது. சீட்டு ஏழு விநாடி கண்ணில் தெரியும், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஐந்து வாக்குச்சாவடிச் சீட்டுகள் எண்ணப்படுகின்றன, அத்தனையையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இதெல்லாம் உறுதி. செய்ய முடியும் என்பதிலிருந்து செய்தார்கள் என்று தாவுவது வேறு. அதற்குத் தேர்தல் வாரியாக, சாவடி வாரியாக ஆதாரம் வேண்டும், தோற்றவரின் ஆத்திரம் ஆதாரம் ஆகாது. ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009இல் இதைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கும். மோசடி நடந்ததா என்று அது தேடவில்லை. சிறப்புப் பயிற்சி இல்லாத சாதாரணக் குடிமகன் வாக்கு எண்ணிக்கையைத் தானே சரிபார்க்க முடிய வேண்டும், அங்கே பயன்படுத்திய இயந்திரத்தில் முடியவில்லை, ஆகவே செல்லாது என்றது. உங்கள் மன்றத்தில் இந்தக் கேள்வியை இந்த உயரத்தில் பேசினால் எல்லாக் கட்சிக்காரர்களும் உட்கார்ந்து பேசலாம்.

கட்சிக்காரர்களைச் சேர்க்கலாமா? சேர்க்க வேண்டும். கட்சியே இல்லாத அரசியல் என்பது நம் ஊரில் பெரும்பாலும் பணக்காரர்களின் அரசியலாக முடிகிறது. உறுப்பினர் எந்தக் கட்சியிலும் இருக்கட்டும், மன்றக் கணினியில் எந்தக் கட்சி வேலையும் நடக்கக் கூடாது. கட்சிப் பொறுப்பில் இருப்பவர் மன்றப் பொறுப்பிலும் இருக்கலாமா என்பதில்தான் எனக்கு உறுதியில்லை. முதல் மன்றத்தில் அனுமதித்தோம், இரண்டாவதில் தடுத்தோம். தடுத்ததால் நல்ல உழைப்பாளிகள் இருவரை இழந்திருக்கிறோம்.

இடத்தைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததால் யாராவது வீட்டு முகப்பைத் தருவதாகச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். விசாலமானது, குளுமையானது, இலவசம். ஆனால் அந்தத் திண்ணைக்கு மேல் இதுவரை ஏறாதவர்கள் உங்கள் ஊரில் எத்தனை குடும்பம் என்று முதலில் எண்ணுங்கள். கதவு திறந்திருக்கிறது என்று நீங்கள் நூறு தடவை சொன்னாலும் மூன்று தலைமுறைப் பழக்கம் காலைத் தடுக்கும். நாங்கள் முதல் ஆண்டு அந்தத் தவறைச் செய்தோம், காலனிப் பிள்ளைகள் ஒருவர்கூட வரவில்லை. ஊர்ப்புற நூலகத்துக்கு மாறிய இரண்டாம் மாதத்தில் வந்தார்கள். ஆளைச் செயலால் அள என்ற நெறி இடத்தேர்விலேயே தொடங்கிவிடுகிறது. எண்ணிக்கையிலும் ஒன்று இருக்கிறது. நம் பகுதியில் கோயில் வரிக்குக் கல்யாணமான ஆண் ஒருவரை ஒரு புள்ளி என்று எண்ணுகிற வழக்கம் உண்டு. மன்றத்தில் பதினான்கு வயதுப் பெண்ணும் ஒரு புள்ளி, அவளுக்கும் ஒரு வாக்கு என்று எழுதுங்கள். மாலை ஆறரைக்குள் முடியுங்கள், இல்லையென்றால் அவள் வாக்கு காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

பணத்துக்கு நீண்ட அறிவுரை தேவையில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்தியவர்கள் ஐந்தொகை எழுதிய ஊர் இது, மாதம் ஒருமுறை வரவு செலவை உரக்கப் படித்துச் சுவரில் ஒட்டுங்கள். பதிவு செய்வதென்றால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் போதும், நீங்கள் ஒன்பது பேர் இருக்கிறீர்கள். ஆனால் முதல் ஆண்டே ஓடிப்போய்ப் பதிவு செய்ய வேண்டாம் என்பேன். ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்யும் சுமை, பழக்கம் படியாத மன்றத்தை நசுக்கிவிடும்.

மென்பொருள்: யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள்தான், இதில் எனக்குத் தயக்கம் இல்லை. திருட்டுப் பிரதியில் நடக்கும் மன்றம் அடுத்தவரிடம் நேர்மை கேட்க முடியாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பித்தலை 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். அதனால் நல்ல நிலையில் இருக்கும் பழைய கணினிகள் அலுவலகங்களிலும் வீடுகளிலும் ஓரமாகக் கிடக்கின்றன. நினைவகத்தைக் கொஞ்சம் கூட்டி, வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் போட்டு, லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை ஏற்றினால் தமிழ்99 விசைப்பலகையோடு இன்னும் ஐந்தாறு ஆண்டு ஓடும். பிள்ளைகளை வைத்தே திருகாணியைக் கழற்றச் சொல்லுங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெரியவரின் ஐந்து கணினிகள் உங்களுக்குக் கட்டாயம் இல்லை என்று தெரிந்துகொள்வதற்காக. வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கொடுக்கிற மனம் இந்தச் சீமையில் உண்மையிலேயே பெரியது, அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. ரசீது கொடுங்கள், பெயரைச் சுவரில் ஒட்டும் கணக்கில் எழுதுங்கள். ஆனால் நீங்கள் எழுதப்போகும் அந்த ஒரு பக்கத்தை, கணினி வந்து இறங்குவதற்கு முன்பே, அவர் வீட்டுக்குப் போய் அவர் எதிரில் உட்கார்ந்து முழுவதும் படித்துக் காட்டுங்கள். வாக்காளர் பட்டியல் போன்ற கட்சி வேலை மன்றக் கணினியில் நடக்காது என்ற வரியை விழுங்காமல் படியுங்கள். அதன் பிறகும் அனுப்புகிறார் என்றால் இறக்கி வையுங்கள்.